600 குதிரைத்திறன் சரி, எத்தனை கிலோமீட்டருக்கு?

வேளச்சேரியில் இருக்கும் இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ட்யூன் செய்த எஞ்சின்களில் எது வலிமையானது, எது நீடித்து உழைக்கும்? டொயோட்டாவின் 2ஜேஇசட், நிசானின் ஆர்பி26, பிஎம்டபிள்யூவின் பி58, ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் ஈஏ888 ஆகியவற்றை எந்த அளவுகோலால் ஒப்பிடுவது? பழைய ஸ்கோடா ஆக்டேவியா 1.8 ஒன்றையோ, கையில் பணம் சேர்ந்தால் பழைய பிஎம்டபிள்யூ எம்340ஐ ஒன்றையோ வாங்கி ரீமேப் (எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி எழுதுவது) செய்ய எண்ணியிருக்கிறார். வார நாட்களில் ஓஎம்ஆரில் அலுவலகம், மாதத்தில் ஒரு ஞாயிறு இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் என்பது அவர் திட்டம். இதற்குச் சட்டம் இடம் கொடுக்குமா என்றும் கேட்டிருக்கிறார்.

எஞ்சின்களைப் பிரித்துக் கட்டுவது என் பிழைப்பு. அம்பத்தூர் பக்கம் பட்டறை. அங்கிருந்து பார்த்தால் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எஞ்சின் எவ்வளவு பெரிய அடியைத் தாங்கும் என்பது வலிமை. அதைவிடச் சிறிய அடியை எத்தனை கோடி முறை தாங்கும் என்பது ஆயுள். இணையத்தில் சண்டை நடப்பதெல்லாம் முதலாவதைப் பற்றி. பட்டறைக்கு வண்டிகள் இழுத்துவரப்படுவது பெரும்பாலும் இரண்டாவதால். சில இடங்களில் ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையவே செய்யும்.

கோடி என்று சும்மா சொல்லவில்லை. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் எஞ்சின் 2,500 மணி நேரம் ஓடியிருக்கிறது. சராசரியாக நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்தால் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எரிபொருள் 15 கோடி முறை எரிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் பிஸ்டன் தலையில் ஒரு அடி விழுகிறது. பி58 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 82 மில்லிமீட்டர். உச்ச அழுத்தம் 100 பார் என்று கொண்டால், அந்த உள்ளங்கையளவு வட்டத்தின் மேல் ஐந்து டன்னுக்கும் அதிகமான விசை இறங்குகிறது. நல்ல எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. சுமை அதற்குக் கீழே இருந்தால் எத்தனை முறை அடித்தாலும் களைப்படையாது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சின்னச் சுமையும் அதன் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

டைனோ (எஞ்சினின் திறனை அளக்கும் கருவி) தாளைக் காட்டி “600 குதிரைத்திறன் தாங்குகிறது” என்பவர்களிடம் நான் கேட்பது, எவ்வளவு நேரம் தாங்கியது என்றுதான். டைனோவில் ஓர் ஓட்டம் பத்துப் பதினைந்து வினாடி. கால்மைல் பந்தயமும் அவ்வளவுதான். 1980-களின் ஃபார்முலா 1 டர்போ எஞ்சின்களைப் பாருங்கள். பிஎம்டபிள்யூவின் 1.5 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினின் அடிப்படை, சாலைக் காரில் ஓடிய எம்10 எஞ்சினின் இரும்பு பிளாக். 1983-இல் நெல்சன் பிக்கே அதை வைத்து உலகப் பட்டம் வென்றார். பின்னாளில் அதே எஞ்சின் தகுதிச் சுற்றில் ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டியது. ஆனால் தகுதிச் சுற்றுக்கென்று கட்டியவை சில சுற்றுகளிலேயே தீர்ந்துபோகும். மறுநாள் பந்தயத்துக்கு வேறு எஞ்சின் மாட்டுவார்கள். வலிமையில் உச்சம், ஆயுளில் பூச்சியம். அந்தப் பொறியாளர்களுக்கு அது தெரியும், தெரிந்தே செய்தார்கள்.

குதிரைத்திறன் ஒப்பிடுவதற்கு நல்ல அளவுகோல் இல்லை. டார்க்கும் சுழற்சி வேகமும் பெருகி வருவது அது. எது எவ்வளவு பங்கு என்று சொல்லாது. நான் முதலில் பார்ப்பது லிட்டருக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் டார்க் என்பதை. ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் சராசரியாக எவ்வளவு அழுத்தம் எழுகிறது என்பதை அது ஏறத்தாழக் காட்டிவிடும். டர்போ இல்லாத சாதாரணக் கார்கள் லிட்டருக்கு 100 சுற்றுவட்டாரத்தில் இருக்கும். 1.5 லிட்டர் ஹோண்டா சிட்டி 145 நியூட்டன் மீட்டர், அதாவது லிட்டருக்கு 97. ஏற்றுமதியான டொயோட்டா சுப்ராவின் 2ஜேஇசட்-ஜிடிஇ 427, லிட்டருக்கு 142. நிசான் ஆர்32 ஜிடி-ஆரின் ஆர்பி26 லிட்டருக்கு 137. எம்340ஐ 500 நியூட்டன் மீட்டர், லிட்டருக்கு 167. 230 குதிரைத்திறன் ஆக்டேவியா ஆர்எஸ் 176. நம் ஊரில் சாதாரணமாகக் கண்ணில் படும் விர்ட்டஸ், டைகுன் கார்களின் 1.0 டிஎஸ்ஐ 178. மெர்சிடீஸ் ஏஎம்ஜி ஏ45 எஸ் காரின் 2 லிட்டர் எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே 251.

இந்த வரிசையைப் பார்த்தாலே சில மயக்கங்கள் தெளியும். இரண்டு ஜப்பானியப் பழம்பெரும் எஞ்சின்களும் பிறக்கும்போது இன்றைய மூன்று சிலிண்டர் குடும்பக் காரைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே வேலை செய்தன. அவற்றை ட்யூன் செய்தால் தாங்கியதற்கு முதல் காரணம் இதுதான்: கட்டியவன் விட்டுவைத்த இடைவெளி. ஜப்பானியக் கம்பெனிகள் 280 குதிரைத்திறனுக்கு மேல் அறிவிப்பதில்லை என்று தங்களுக்குள் உடன்பாடு வைத்திருந்த காலம் அது. எஞ்சினின் உடம்போ அதைவிடப் பெரிய வேலைக்குச் செய்தது.

2ஜேஇசட்டின் பிளாக் வார்ப்பிரும்பு. சிலிண்டர் சுவர்களின் மேல்முனை சுற்றிலும் மூடிய அமைப்பு. அழுத்தம் ஏறினாலும் சிலிண்டர் அசையாது, ஹெட் கேஸ்கெட் தப்பிக்கும். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் இருப்பதால் கிராங்க் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) ஏழு மெயின் பேரிங்குகளில் உட்கார்ந்திருக்கிறது, அடிப்படைச் சமநிலையும் இயல்பிலேயே வந்துவிடுகிறது. கிராங்க் ஃபோர்ஜ் செய்த, அதாவது வார்க்காமல் அழுத்தி உருவாக்கிய, எஃகு. பிஸ்டன்களின் அடியில் எண்ணெய் பீய்ச்சும் குழாய்கள். விட்டமும் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 86 மில்லிமீட்டர்; எதிலும் அதீதம் இல்லை. உள்ளே எதையும் மாற்றாமல் 600 குதிரைத்திறன் அளவுக்கு நல்ல ட்யூனில் தாங்கும் என்பது பரவலாக நிரூபிக்கப்பட்ட விஷயம். அதற்கு மேல் போனாலும் முதலில் கைவிடுவது பிளாக்காக இருக்காது. வயதான வண்டிகளில் முன்பக்கக் கிராங்க் புல்லியின் ரப்பர் பிரிந்துவரும், வால்வு சீல் கசியும், ஆயில் பம்ப் சீல் வெளியே தள்ளும். பெரிய பெயர் உள்ள எஞ்சினைச் சாய்ப்பது இப்படிச் சில்லறைச் சாமான்கள்தான்.

ஆர்பி26-இன் கதை வேறு. சாலைக் கார்களை வைத்து அப்போது நடந்த குரூப் ஏ பந்தயத்துக்காகவே அளந்து செய்த எஞ்சின் அது. டர்போ எஞ்சின்களின் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்கி வகுப்பு பிரிப்பார்கள், 2,568 சி.சி.யைப் பெருக்கினால் 4,500 சி.சி. வரம்புக்குள் சரியாக உட்காரும். 1990 முதல் 1993 வரை ஜப்பானிய டூரிங் கார் போட்டிகளில் ஜிடி-ஆர் கலந்துகொண்ட 29 பந்தயங்களிலும் அதுவே வென்றது. இப்படிப் பட்டம் வாங்கிய எஞ்சினின் ஆரம்பகால மாடலில் ஆயில் பம்பைச் சுழற்றும் கிராங்க் முனையின் பட்டை அகலம் போதாமல் இருந்தது. சுழற்சி வரம்பில் திரும்பத் திரும்ப முட்டினால் பம்பின் பற்சக்கரம் விரிசல் விடும். எண்ணெய் அழுத்தம் நின்ற சில வினாடிகளில் பேரிங் போய்விடும். உயர் சுழற்சியில் எண்ணெய் மேலே ஹெட்டில் தேங்கிவிட்டு, கீழே சம்ப் (எண்ணெய்த் தொட்டி) வறண்டுபோவதும் உண்டு. டர்போவின் செராமிக் சக்கரம் இன்னொரு தொல்லை. பூஸ்ட்டை, அதாவது டர்போ திணிக்கும் காற்றழுத்தத்தை, கூட்டினால் உடைந்து தெறிக்கும். ஆகவே “ஆர்பி26 வலிமையானதா?” என்று கேட்டால், ஆயில் பம்பும் டர்போவும் மாற்றியதா என்று நான் திருப்பிக் கேட்பேன். பிளாக்கைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

இவ்விரண்டும் நம் ஊரில் காட்சிக்குத்தான் கிடைக்கும். பி58 அப்படியில்லை. சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில்தான் எம்340ஐ ஒன்றுசேர்க்கப்படுகிறது. 2021-இல் வந்தபோது 387 குதிரைத்திறன். 2019-இல் வந்த சுப்ராவுக்குள் இருப்பதும் இதே பி58தான் என்பதால், பழைய சுப்ரா ரசிகர்களுக்கு இதன்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. நியாயமில்லாத மனத்தாங்கல். அலுமினிய பிளாக்தான், ஆனால் மேல்முனை மூடிய அமைப்பு. சிலிண்டர் சுவரில் இரும்புப் பூச்சு. ஃபோர்ஜ் செய்த கிராங்க். ரீமேப் மட்டும் செய்தாலே 450 சுற்றுவட்டாரத்துக்கு வந்துவிடும், எஞ்சின் அதை வேர்வை சிந்தாமல் செய்யும். அதற்கு மேலே போனால் முதலில் திணறுவது உயர் அழுத்த எரிபொருள் பம்ப், அதாவது வலிமைக் குறையில்லை, வழங்கல் குறை. இதிலும் சில்லறைச் சாமான் உண்டு: பிளாஸ்டிக்கால் ஆன ஆயில் ஃபில்டர் ஹவுசிங், கூலன்ட் இணைப்புகள். சென்னை வெயிலில் பிளாஸ்டிக் எப்படி மொறுமொறுப்பாகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதன் ஸ்ட்ரோக் 94.6 மில்லிமீட்டர். 7,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 22 மீட்டர் ஆகிறது. 2ஜேஇசட்டில் 6,800 சுற்றில் 19.5 மீட்டர். எரிதலின் அழுத்தம், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடை அமுக்குகிறது. சுழற்சி வேகமோ அதை இழுக்கிறது. இந்த இழுவிசை வேகத்தின் இருமடியாக ஏறும். 6,000 சுற்று எஞ்சினை 7,200-க்குக் கொண்டுபோனால் சுழற்சி 20 சதவீதம்தான் கூடியது, ராடு போல்ட்டின் மேல் இழுவிசை 44 சதவீதம் கூடிவிட்டது. ஆகையால் டர்போவில் டார்க்கைக் கூட்டுவதும், சுழற்சி வரம்பை ஏற்றுவதும் இரண்டு வெவ்வேறு குற்றங்கள், தண்டனையும் வேறு. ஹோண்டா எஸ்2000-இன் எஃப்20சி எஞ்சின் 9,000 சுற்று சுழலும். பிஸ்டன் வேகம் வினாடிக்கு 25 மீட்டர். அது முதல் கோட்டிலிருந்தே அதற்காக வரைந்த எஞ்சின். அதைப் பார்த்துவிட்டு வேறு எஞ்சினின் வரம்பை மென்பொருளில் ஏற்றிவைப்பவர்களின் கிராங்க், பேரிங்குகளைப் பட்டறை மேசையில் பார்த்திருக்கிறேன். செம்புநிறம் வெளியே தெரிய, நகத்தால் சுரண்டினால் உரியும்.

ஈஏ888 பற்றிச் சொல்ல அதிகம் இருக்கிறது, ஏனென்றால் இந்தக் கேள்விக்கு உண்மையில் பயன்படப்போவது அதுதான். வார்ப்பிரும்பு பிளாக், அளவான எடை. முதல் இரண்டு தலைமுறைகளில் எண்ணெய் குடிக்கும் பிஸ்டன் ரிங்குகளும், திடீரென்று விட்டுக்கொடுக்கும் டைமிங் செயின் டென்ஷனரும் பேர்போனவை. மூன்றாம் தலைமுறையில் இரண்டும் பெருமளவு சரியாயின. தெர்மோஸ்டாட்டோடு சேர்ந்த பிளாஸ்டிக் வாட்டர் பம்ப் கசிவது மட்டும் நின்றபாடில்லை. இந்தியாவில் விற்ற ஆக்டேவியா 1.8-இல் இந்த எஞ்சின் 180 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர். லிட்டருக்கு 139 ஆகிறது, 2ஜேஇசட்டைவிடக் குறைவு. இதே குடும்பத்து 1.8 எஞ்சின் ஆடி ஏ4-இல் 320 நியூட்டன் மீட்டர் கொடுத்தது. பிறகு ஏன் ஆக்டேவியாவில் 250-இல் கட்டிவைத்தார்கள்? பின்னால் இருக்கும் கியர்பாக்ஸுக்காக. டிக்யூ200 என்னும் ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி தானியங்கிக் கியர்பாக்ஸின் வரம்பே 250 நியூட்டன் மீட்டர்தான்.

இப்போது ரீமேப் செய்து 330 நியூட்டன் மீட்டர் என்று தாள் வாங்கி வருகிறீர்கள். எஞ்சினுக்கு அது விளையாட்டு. கிளட்ச்சுக்கு அப்படியில்லை. சோழிங்கநல்லூர் சிக்னலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது உலர் கிளட்ச் அரைகுறையாகப் பிடித்தபடி உராய்கிறது. அதைக் குளிர்விக்க எண்ணெய் கிடையாது. முதலில் நடுக்கம், பிறகு வழுக்கல். சிலர் எஞ்சினைத்தான் திட்டுவார்கள். ட்யூன் செய்த காரின் வலிமையைப் பேசும்போது எஞ்சினை மட்டும் மேசையில் வைத்துப் பேசக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என்னிடம் இல்லை. ஆக்டேவியா ஆர்எஸ் கார்களில் எண்ணெயில் நனையும் கிளட்ச் கொண்ட வேறு கியர்பாக்ஸ். விலை அதிகம் என்றாலும் அந்த வித்தியாசத்துக்குத் தகும்.

சிறிய டர்போக்களுக்கு வருகிறேன். தடத்துக்கு அருகிலேயே, அதே இருங்காட்டுக்கோட்டையில், ஹூண்டாய் ஆலையில் ஐ20 என் லைன் கார் தயாராகிறது. 1 லிட்டர் டர்போ, 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர். இது போன்ற எஞ்சின்கள் பிறக்கும்போதே லிட்டருக்கு 170-க்கு மேல். விட்டுவைத்த இடைவெளி குறைவு. இவற்றை ரீமேப் செய்பவர்கள் பெரும்பாலும் 1,800 சுற்றிலேயே டார்க்கைக் கொட்டும்படி எழுதிவிடுகிறார்கள், ஓட்டிப் பார்ப்பவருக்கு அது உடனே பிடித்துப்போகும் என்பதால். அங்கேதான் ஆபத்து. குறைந்த சுழற்சி, அதிகச் சுமை, நேரடி எரிபொருள் பீய்ச்சல் மூன்றும் சேர்ந்தால், தீப்பொறி வருவதற்கு முன்பே எண்ணெய்த் துளியோ கரித்துகளோ தானாகப் பற்றிக்கொள்ளும். ஒரே ஒரு முறை நடந்தாலும் பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே உள்ள விளிம்பு உடையலாம். எஞ்சின் எண்ணெய்க்கென 2018-இல் வந்த ஏபிஐ எஸ்என் ப்ளஸ் தரமும் 2020-இல் வந்த எஸ்பி தரமும் இதைக் கருத்தில் கொண்டே வகுக்கப்பட்டவை. எண்ணெயில் கால்சியம் வகைச் சேர்மானம் கூடினால் இந்த முன்பற்றல் கூடுகிறது. பழைய தர எண்ணெயை மலிவாகக் கிடைக்கிறது என்று ஊற்றிவிட்டு ரீமேப்புக்குப் பணம் கட்டுவதில் அர்த்தமில்லை. நல்ல ட்யூனர் 3,000 சுற்று வரை டார்க்கைப் பிடித்துவைத்து எழுதுவார். தாளில் அழகாக இருக்காது. ராடு நேராக இருக்கும்.

டீசல் ரீமேப்பைப் பற்றிச் சுருக்கமாக: உடம்பு கனமானது, தாங்கும், டூயல் மாஸ் ஃப்ளைவீலும் (எஞ்சின் அதிர்வை உள்வாங்கும் சக்கரம்) கிளட்ச்சும் தாங்காது, பின்னால் கரும்புகை விட்டுக்கொண்டு போவது வலிமையின் அடையாளம் இல்லை, எரிபொருள் வீணாவதன் அடையாளம்.

ஃபோர்ஜ்ட் பிஸ்டன் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் இங்கே பலமாக இருக்கிறது. வலிமையும் ஆயுளும் எதிரெதிராகப் போகும் என்று சொன்னேனே, அது அப்பட்டமாகத் தெரிவது இங்கேதான். ஃபோர்ஜ் செய்த பிஸ்டன்களில் பொதுவாக இரண்டு கலவைகள். 2618 என்பதில் சிலிக்கான் ஏறக்குறைய இல்லை. நாக்கிங் (எரிபொருள் சீராக எரியாமல் வெடிப்பது) அடியில் உடையாமல் வளைந்து கொடுக்கும், அதனால் கடும் பந்தயத்துக்கு அதைத்தான் விரும்புவார்கள். ஆனால் சூட்டில் அதிகம் விரியும் என்பதால் சிலிண்டருக்குள் இடைவெளியைக் கூட்டி வைக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக்டக் என்று பிஸ்டன் சுவரில் தட்டும், எண்ணெய் குடிக்கும், ரிங் பள்ளம் சீக்கிரம் தேயும். 4032 கலவையில் சிலிக்கான் 12 சதவீதம் சுற்றுவட்டாரம். விரிவு குறைவு, தேய்மானம் குறைவு, ஆனால் மோசமான நாக்கிங்கை அவ்வளவு மன்னிக்காது. தினமும் ஓஎம்ஆரில் போகிறவருக்கு 2618 போட்டுக் கொடுப்பது, செலவு வாங்கிக்கொண்டு ஆயுளைக் குறைத்துத் தருவது. கம்பெனி பிஸ்டனும் நிதானமான ட்யூனும் அந்த வேலைக்கு அதைவிட நல்லது. பட்டறைக்காரன் நானே இதைச் சொல்கிறேன்.

இனி சென்னை. வெளிநாட்டில் எழுதிய ரீமேப் கோப்பு, 15 டிகிரி காற்றையும் 98 ஆக்டேன் பெட்ரோலையும் மனத்தில் வைத்து எழுதியதாக இருக்கலாம். இங்கே மே மாதம் 40 டிகிரி. காற்றின் அடர்த்தி அதனாலேயே 8 சதவீதம் குறைவு; குறைந்ததை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும்; அழுத்தப்பட்ட காற்று இன்னும் சூடாகும்; நாக்கிங் எட்டிப் பார்க்கும்; கணினி தீப்பொறியைப் பின்தள்ளும்; வெளியேறும் புகையின் வெப்பம் ஏறும். ஒரு சங்கிலி இது. கணினி காப்பாற்றும், ஓரளவுக்கு. உயர் ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி95 அல்லது எக்ஸ்பி100 ஊற்றினால் நாக்கிங்குக்கு இடைவெளி கிடைக்கும், ஆனால் அந்த எரிபொருளுக்கென்று எழுதிய மேப்பை வைத்துக்கொண்டு ஊர் போகும் வழியில் கிடைத்ததை ஊற்றினால் கிடைத்த இடைவெளி எதிர்ப்பக்கம் போய்விடும். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலைப் பற்றிப் பயப்படுகிறார்கள். நாக்கிங் விஷயத்தில் எத்தனால் நண்பன்தான். ஆனால் அதற்குக் காற்றுக் கணக்கு வேறு: வெறும் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இதற்கு 13.5 அளவில் போதும். முழு ஆக்சிலரேட்டரில் பழைய கணக்கிலேயே பீய்ச்சும் மேப்பாக இருந்தால் கலவை மெலிந்து பிஸ்டன் தலை வேகும். ட்யூனரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

இரண்டாவது சென்னைச் சங்கதி, தண்ணீர். 2015 டிசம்பரும் 2023 டிசம்பரில் மிக்ஜாமும் இந்த ஊர்க் கார்களில் விட்டுப்போன தடம் இன்னும் பழைய கார்ச் சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் அது அமுங்காது, ராடுதான் வளையும். கொஞ்சமாக வளைந்தால் வண்டி ஓடும். தண்ணீரை வடித்து, எண்ணெய் மாற்றி, உள்ளே சோப்புப் போட்டுக் கழுவி விற்றுவிடுவார்கள். அப்படி ஒரு செடான், வாங்கியவர் ரீமேப் செய்த சில வாரங்களில் சத்தத்தோடு எங்களிடம் வந்தது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் நான்கில் மூன்று சிலிண்டர்களில் சுவரின் மேல்முனையில் கரிப்பட்டை மெல்லிசாக, பென்சில் அகலத்தில் ஒரே மாதிரி இருந்தது. மூன்றாவது சிலிண்டரில் மட்டும் பட்டை கீழே இறங்கி அகலமாக இருந்தது. அந்தப் பிஸ்டன் தன் உச்சிக்கு வரவே இல்லை என்று பொருள். டயல் கேஜ் வைத்துப் பார்த்ததில் மற்றவற்றைவிட ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்து நின்றது. வளைந்த ராடு நேரான சுமையைத் தாங்குவதற்குப் பதிலாக ஒவ்வொரு அடிக்கும் மேலும் வளைகிறது. பழைய டார்க்கில் பல ஆண்டு ஓடியிருக்கலாம், கூட்டிய டார்க்கில் ஓடவில்லை. எந்த எஞ்சின் குடும்பம் வலிமையானது என்ற விவாதத்துக்கு இங்கே இடமே இல்லை. அந்த ஒரு ராடின் வரலாறு போதும். பம்பருக்குள் தாழ்வாகக் காற்றுக் குழாய் மாட்டிக்கொள்ளும் பழக்கம் ஆகாது என்று சொல்வதும் இதனால்தான். பள்ளிக்கரணை, வேளச்சேரி மழையில் அந்தக் குழாய் உறிஞ்சுவது காற்றை அல்ல.

இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.7 கிலோமீட்டர். சாலையில் முழு ஆக்சிலரேட்டர் என்பது சில வினாடி. தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பெரும்பகுதி. எண்ணெய் வெப்பம் ஏறி, மெலிந்து, நீண்ட வளைவில் சம்ப்பின் ஓரத்துக்கு ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும் நிலை வரலாம். தடத்தில் போகும் எஞ்சின்கள் பெரும்பாலும் எண்ணெய்க் குறையால் சாகின்றன, பூஸ்ட் மிகுதியால் அல்ல. முதலில் ஆயில் கூலர், சம்ப்பில் தடுப்பு, வெப்பமும் அழுத்தமும் காட்டும் மீட்டர், பிறகு குதிரைத்திறன். எண்ணெய் வெப்பம் 130 டிகிரியைத் தாண்டினால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டிவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். அப்படி ஓட்டினால் ஒவ்வொரு தட நாளுக்குப் பிறகும் எண்ணெய் மாற்றத்தான் வேண்டும், எண்ணெய் கறுப்பாகவில்லையே என்று பார்க்காதீர்கள்.

உங்கள் இரண்டு கார்களுக்கு வருகிறேன். வாங்கும் முன் எதுவானாலும் கம்ப்ரஷன் டெஸ்ட், லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டரிலிருந்து அழுத்தம் கசிகிறதா என்று பார்ப்பது), ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தல், சூடான நிலையில் ஐடிலில் எண்ணெய் அழுத்தம். இவற்றுக்கு விற்பவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நின்றால் விலை பேசவே வேண்டாம்.

ஆக்டேவியா 1.8 என்றால், 250 நியூட்டன் மீட்டரை ஒட்டியே டார்க்கை வைத்து, மேல் சுழற்சியில் மட்டும் கொஞ்சம் கூட்டும் மேப் எழுதச் சொல்லுங்கள். 200 குதிரைத்திறன் அளவில் நின்றுவிடும். நண்பர்கள் சிரிப்பார்கள்; கிளட்ச் இருக்கும். அதற்கு மனம் ஒப்பவில்லை என்றால் ஆர்எஸ் தேடுங்கள். எம்340ஐ என்றால், என் கருத்தில் முதல் வருடம் ரீமேப்பே வேண்டாம். 387 குதிரைத்திறனை அந்தத் தடத்தில் முழுதாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளவே அவ்வளவு காலம் ஆகும். பிரேக்குக்கும் டயருக்கும் செலவிடுங்கள். பிறகு செய்வதானால் 600 நியூட்டன் மீட்டருக்குள், லிட்டருக்கு 200-க்குள் நிறுத்துங்கள். கூலன்ட் இணைப்புகளையும் ஃபில்டர் ஹவுசிங்கையும் முன்கூட்டியே புதிதாக்கிவிடுங்கள்.

சட்டப் பக்கமும் கேட்டிருந்தீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அனுமதிக்காத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வாரன்டி பாக்கியிருக்கும் காரில் ரீமேப் செய்தால் கம்பெனியின் கணினிக்குத் தெரிந்துவிடும். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தில் அந்த வண்டியின் பதிவில் டிடி1 என்று குறித்துவிடுவார்கள், பழைய மேப்பைத் திரும்ப ஏற்றினாலும் அந்தக் குறிப்பு போகாது. பழைய ஆக்டேவியா வாங்கும்போது, சர்வீஸ் சென்டரில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், முன்பு யாரோ அந்தக் கிளட்ச்சின் ஆயுளைச் செலவழித்திருக்கிறார்கள். விலையில் கிளட்ச்சின் காசைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.